தலைக்கணக்கு

மழை நின்று ஒன்பது நாள்.
தோட்டப் பள்ளித் திடலில் பதினொரு பேர்,
மஞ்சள் தொப்பி, பச்சை ரப்பர் குழாய்.
என் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினேன்.
போன வருடத்துச் சாம்பல்
ஒரு தேக்கரண்டி அளவு கொட்டியது.
காலால் புல்லுக்குள் தள்ளிவிட்டேன்.

பொம்பா நிலையத்திலிருந்து வந்த
சார்ஜன் ரோஸ்லிக்குப் பாதி மலாய்,
பாதி நம் லயத்துத் தமிழ்.
"அப்பி! நெருப்பு! சத்தமாச் சொல்லு!"
நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது என்று
சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்களுக்கு
கத்திக் கூப்பிட மூன்று தடவை பிடித்தது.
பவளக்கொடி மட்டும்
முதல் தடவையே கத்தினாள்.
கோயில் மரத்துக் காக்கைகள் எழும்பின.

பிறகு மூங்கில் கம்பு.
காம்புட் மண்ணில் தீ நடப்பது கீழே.
நீறு பூத்த நெருப்பு என்பது
இங்கே பழமொழி இல்லை,
பதினாலாம் பிளாக்கின் விலாசம்.
மேலே புல், ஈரம், ஒரு தவளைகூட இருக்கும்.
அடியில் செம்பனை வேர் வெந்துகொண்டிருக்கும்.
குத்து, கேள், பிறகு கால் வை.
'தொப்' என்றால் மண்.
'பொக்' என்றால் பின்னால் வா,
திரும்பாமல் வா, வந்த தடத்திலேயே வா.
புகையே வராத மரம் நின்றால்
அதன் நிழலில் தண்ணீர் குடிக்காதே.
வேர் இல்லாமல் நிற்கிற மரம்
யாரிடமும் சொல்லிக்கொண்டு சாய்வதில்லை.

எல்லாம் எழுதிக்கொண்டேன்.
ஆலையில் லாரி எடை எழுதுகிற கை இது,
எதையும் எழுதிவிட்டால்தான் நிம்மதி.

பதினொன்றரைக்கு ஜீவரத்தினம் வந்தான்
நாசி லெமாக் பொட்டலங்களோடு.
ஒன்பது வருடம் தீமிதித்தவன்.
ஒரு கொப்புளம் கிடையாது,
மஞ்சள் வேட்டியில் பூ மாதிரி நடப்பான்.
பதினாலாம் பிளாக்கில்
பச்சைப் புல்லின்மேல் ஓரடி வைத்தான்.
முழங்கால் வரை.

அவன்தான் இப்போது ஒவ்வொரு பயிற்சிக்கும் காயக்காரன்.
கேட்டு வாங்கிக்கொண்ட வேஷம்.
ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்து,
பொட்டலக் கூடையைத் தலைமாட்டில் வைத்து,
"ம், தூக்குங்க" என்றான்.
அந்தோணிசாமியும் ஷாஹினும் முன்னால்,
பவளக்கொடியும் நானும் பின்னால்.
பத்தடி போனதும்
"இடது பக்கம் தாழுது.
அன்னிக்கும் இப்படித்தான், சுகிர்தா,
என் தலைய கான்ல இடிச்சே."
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
இடது கைப்பிடி என்னுடையது.
அன்றைக்கும்.

திடல் ஓரம் இறக்கி வைத்தபோது
அவன் எழுந்திருக்கவில்லை.
கண் மூடிப் படுத்திருந்தான்
வெயில் நேராக முகத்தில் விழ.
ஷாஹின் தன் தொப்பியைக் கழற்றி
அந்த முகத்துக்கு மேலே பிடித்தான்.
சார்ஜன் நேரக்கருவியை நிறுத்தவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.
அது ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசியில் தலைக்கணக்கு.
உள்ளே போனது எத்தனை,
வெளியே வந்தது எத்தனை.
"சத்து." "துவா." "மூணு." "நாலு."
அவரவர் வாய்க்கு வந்த மொழியில்.
ஷாஹின் எண்ணியது வங்காளத்தில்.
பதினொன்று என் முறை, சொன்னேன்.
சார்ஜன் பலகையில் டிக் அடிக்கப் போனார்.

"பன்னெண்டு"
என்றது ஸ்ட்ரெச்சரிலிருந்து.

சார்ஜன் பேனாவைத் தூக்கியபடி
எங்களைப் பார்த்தார்.
தாளில் பதினொரு கட்டம்தான் அச்சாகியிருந்தது.
அடியில் ஸ்கேல் வைக்காமல்
ஒரு கோடு போட்டார், கோணலாக.

பொட்டலம் ஆளுக்கு ஒன்று.
காசு வாங்க மாட்டேன் என்றவன்
பிறகு வாங்கிக்கொண்டான்.
நெத்திலி கொஞ்சம் கருகியிருந்தது,
யாரும் அதைச் சொல்லவில்லை.

சாயங்காலம் தராசு மேடையில்
லாரிக்காகக் காத்து நிற்கையில்
பென்சிலால் சிமெண்டுத் தரையைக் குத்திப் பார்த்தேன்.
தொப்.
இன்னும் ஓரடி தள்ளி
இன்னொரு தடவை.